ஒரே நிறமா, ஒத்த நிறமா? 14 பேர் குடும்பப் படத்துக்கு உடை முடிவான விதம்

பின்னணி

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உள்ள பழைய வீடு. வீட்டுப் பெரியவருக்கு 80 நிறைந்து சதாபிஷேகம் வைத்திருந்தார்கள். கோயிலில் சடங்கு, அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலேயே குடும்பப் படம் என்று ஏற்பாடு. சடங்கு நாளில் இந்தப் படத்தை எடுக்க முடியாது. கலசத் தண்ணீர் ஊற்றியதும் பெரியவர்கள் இருவரும் நனைந்துபோய் இருப்பார்கள். உடை மாற்றி வந்தால் ஆசீர்வாதம் வாங்க வரிசை நிற்கும், பந்தி ஓடும். அன்றைக்கு 14 பேரையும் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிறுத்த யாராலும் ஆகாது.

14 பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பெரியவரான ஐயா, அவர் மனைவி அப்பத்தா, ஐயாவின் தங்கை. இந்தத் தங்கையைப் பிள்ளைகள் அத்தை என்பார்கள். பேரப்பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அடுத்து மூத்த மகனும் மருமகளும், சிங்கப்பூரில் இருக்கும் இளைய மகனும் மருமகளும், கோயம்புத்தூரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும். பேரப்பிள்ளைகள் ஐந்து பேர்: 24 வயதுப் பேத்தி, அவள் தம்பிக்கு 20, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 13 வயதுப் பெண்ணும் 9 வயதுப் பையனும், கடைசியாக மகள் வீட்டு 4 வயதுக் குட்டி.

ஏற்பாடு முழுக்க இளைய மருமகள் கையில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிறம் முடிவாகி, படம் எடுக்கப்போகும் என்னிடம் பேசும்போதே வேலை பாதி முடிந்திருந்தது. எல்லோரும் மெரூன். பெண்களுக்கு ஒரே மாதிரி செட் புடவை, மெரூனில் அகல ஜரிகைக் கரை போட்ட பட்டு. இரண்டு மருமகள்களுக்கும் மகளுக்கும் மூத்த பேத்திக்கும் நான்கு புடவை வாங்கியாகிவிட்டது. சின்னப் பேத்திக்கு அதே நிறத்தில் பாவாடை சட்டை. ஆண்களுக்கு மெரூன் சட்டைத் துணி எடுக்கவேண்டியதுதான் பாக்கி.

படம் எங்கே போகப்போகிறது என்று கேட்டேன். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில் மாட்ட, 20க்கு 30 அங்குலத்தில் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். அங்கே ஏற்கெனவே முந்தைய தலைமுறைகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையில் இதுவும் சேரும்.

வீட்டைப் பார்த்தபோது

படம் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முகப்பு கம்பீரமானதுதான், ஆனால் மேற்கு வெயில் நேராக அடிக்கும். அங்கே நின்றால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். வளவுதான் சரியான இடம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரம். மாலை 4 மணிக்கு மேல் முற்றத்தில் நேர் வெயில் இருக்காது. வானத்து வெளிச்சம் மட்டும் மேலிருந்து இறங்கி, தாழ்வாரத்தின் விளிம்பில் உட்கார்ந்தவர்கள் முகத்தில் மென்மையாக விழும். ஃபிளாஷே வேண்டாம்.

இந்த இடத்தில் ஏற்கெனவே என்னென்ன நிறம் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கு, காலத்தில் கறுத்து ஆழ்ந்த பழுப்பாகிவிட்டன. தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்டும் மணலும் போட்டுச் செய்வது. அதனால்தான் அந்த வழவழப்பு. இந்த வீட்டில் செங்காவி, பச்சை, மஞ்சள் மூன்றும் கலந்த பூ வடிவம். சுவர் மட்டும் வெள்ளை.

மூத்த மருமகள் தனக்கு வந்த செட் புடவையை எடுத்து வந்தார். அதைத் தேக்குக் கதவில் தொங்கவிட்டு போனில் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக் காட்டினேன். புடவை எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மெரூனும் பழைய தேக்கும் வேறு வேறு நிறங்கள் என்று கண்ணுக்குத் தெரியும்; ஆனால் வெளிச்ச அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. உடை தேர்வுக்கு இந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம், ஒரு காசு செலவில்லை. நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் யார் மறைவார், யார் தனியாகத் துருத்துவார் என்று உடனே தெரிந்துவிடும்.

வளவின் ஓரத்தில் முறுக்குத் தட்டோடு வந்த அத்தையை அப்போதுதான் கவனித்தேன். 70ஐத் தாண்டியவர். இளவயதிலேயே கணவரை இழந்து அண்ணன் வீட்டோடு இருப்பவர். வெள்ளை அல்லது சந்தன நிறப் புடவை தவிர வேறு கட்டுவதில்லை. அவருக்கு என்ன புடவை என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவுக கலர் கட்ட மாட்டாக, தம்பி" என்றார் மூத்த மகன். அத்தையே முந்திக்கொண்டு, "என்னைய எதுக்கு? நான் பின்னால ஓரமா நிண்டுக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னபடி நின்றால் என்ன ஆகும் என்பதைப் படக்காரனாக மட்டும் யோசித்தாலே போதும். ஐயா தவிர 12 பேர் மெரூன், பின்னணி கரும்பழுப்பு, ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளை. பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அந்த வெள்ளையில்தான். ஒதுங்கி நிற்கிறேன் என்றவர்தான் படத்திலேயே அதிகம் தெரிவார், அதுவும் ஒதுக்கி வைத்த மாதிரி. பட்டாலைச் சுவரில் இன்னும் எத்தனையோ வருடம் அது அப்படியே இருக்கும்.

மற்றவை

உடையில் வேறு சில சிக்கல்களும் அன்றே கண்ணில் பட்டன.

மூத்த மகன் உள்ளூர்க் கட்சிப் பொறுப்பில் இருப்பவர். கரை வேட்டி இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. மாப்பிள்ளை எதிர்க் கழகத்துக்காரர். அவருக்கும் கரை வேட்டி உண்டு. இரண்டு கரையும் ஒரே படத்தில் வந்தால் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள்.

20 வயதுப் பேரன் போட்டிருந்தது மிகப் பொடிக் கட்டம் போட்ட சட்டை. படத்துக்கும் அது மாதிரி ஒன்றுதான் வைத்திருப்பதாகச் சொன்னான். இதில் ஒரு தொழில்நுட்பத் தொல்லை இருக்கிறது. கேமராவின் சென்சாரில் ஒளிப்புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். துணியின் பொடிக் கட்டம் அந்த வரிசையோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் தூரத்தில், துணியில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் உருவாகும். இதைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் ஒரு மென்மையாக்கும் வடிகட்டி வைப்பது பழைய வழக்கம். கூர்மை கூடவேண்டும் என்று இப்போது பல கேமராக்களில் அதை விட்டுவிடுகிறார்கள். 2012இல் வந்த நிக்கான் டி800இ அந்தப் போக்கைப் பரவலாக்கியவற்றில் ஒன்று. அலை விழுந்த சட்டையைக் கணினியில் சரிசெய்வது பெரும் பாடு. சட்டையை மாற்றுவது சுலபம்.

அப்புறம் வெள்ளை. ஐயாவின் வேட்டி பளீரென்று இருக்கும். அப்பத்தா நீலம் போட்டு அலசுவார். புது வேட்டிகளிலும் சோப்புத் தூள்களிலும் வெளுப்பேற்றிகள் சேர்ப்பது சாதாரணம். அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். திறந்த முற்றத்து வெளிச்சத்தில் இது இன்னும் கூடும். பக்கத்தில் சந்தன நிறப் பட்டு வேட்டி கட்டியவர் உட்கார்ந்தால் அவர் வேட்டி வெளுக்காத பழந்துணி போலத் தெரியும். இளைய மகனும் மாப்பிள்ளையும் பட்டு வேட்டி கட்டுவதாக இருந்தார்கள்.

முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, நிறத்திலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டு, உடையை மாற்ற முடியாத ஆளிலிருந்து தொடங்குவது. இந்த வீட்டில் அது இரண்டு பேர். ஐயா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு தவிர வேறு எதையும் தொடமாட்டார். அத்தை வெள்ளையும் சந்தனமும். இருவரும் அண்ணன் தங்கை, இருவரும் வெளிர் நிறம். அப்படியானால் வெளிர் நிறம் படத்தின் நடுவில் இருக்கட்டும், அடர் நிறங்கள் அதைச் சுற்றி வரட்டும் என்று சொன்னேன். முன் பெஞ்சில் ஐயா, நடுவில் அப்பத்தா, அந்தப் பக்கம் அத்தை. அப்பத்தாவுக்கு அடர்ந்த அரக்குப் பட்டு. இரண்டு வெளிர் நிறத்துக்கு நடுவே ஒரு அரக்கு, தானாகவே ஒரு சமநிலை வந்துவிடும்.

இளைய மருமகளிடம் இதை வீடியோ அழைப்பில் விளக்கினோம். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நியாயமான காரணங்கள் சொன்னார். நான்கு புடவைக்குப் பணம் போட்டாகிவிட்டது. ஒரே நிறம் என்றால் யார் புடவை ஒசத்தி, யாருடையது மட்டம் என்ற பேச்சே வராது. கூட்டுக் குடும்பத்துப் பெண்களுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு பெரிது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். செட் புடவை வழக்கத்தைப் படக்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு. அதற்குப் பின்னால் இருக்கும் இந்தச் சமாதானத்தை அவர்கள் பார்ப்பதில்லை. கடைசியில் வந்த ஏற்பாடு: செட் புடவையைச் சடங்கு நாளன்று கோயிலில் கட்டுவது, அங்கே பெண்கள் மட்டும் ஒரு படம், முந்தின நாள் வீட்டுப் படத்துக்கு அவரவர் பீரோவிலிருந்து எடுப்பது. புதிதாக எதுவும் வாங்கவேண்டாம் என்றதும் எதிர்ப்பு பாதி அடங்கியது.

நிறங்களை எங்கிருந்து எடுப்பது என்பதற்குத் தரையே வழி காட்டியது. கல்லில் இருக்கும் செங்காவி, பச்சை, கடுகு மஞ்சள், கூடவே அத்தையின் சந்தனம். இந்த நிறக் குடும்பத்துக்குள் எந்த நிறம் வந்தாலும் சரி. ஆனால் பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே நிறத்தில் இருக்கக்கூடாது. தம்பதிகள் ஒரே துணியில் புடவையும் சட்டையும் போடுவது வேண்டாம் என்றும் சொன்னேன். அப்படிப் போட்டால் 14 பேர் படம், ஜோடி ஜோடியாகப் பிரிந்து தெரியும்.

ஜரிகையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஜரிகை படத்துக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நேர் ஃபிளாஷில்தான் அது வெள்ளைக் கோடாக வெடிக்கும். மேலிருந்து பரவலாக விழும் வெளிச்சத்தில் ஜரிகை பொன்னாகவே தெரியும். அப்பத்தா எடுத்தது மணிவிழாவுக்கு வாங்கிய காஞ்சிப் பட்டு, 20 வருடப் புடவை. ஜரிகை மங்கி, மடிப்பில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. புதுப் புடவையை விட அதுவே மேல் என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முற்றத்தில் விரித்து, கேமராவில் எடுத்துக் காட்டிய பிறகுதான் சரி என்றார்.

மற்றவர்களுக்கு முடிவானது: மூத்த மருமகளுக்குக் கரும்பச்சை. இளைய மருமகளுக்குக் கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்ட கண்டாங்கி, அம்மா வீட்டில் கொடுத்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர் வீட்டில் எடுக்கும் படத்தில் இந்த ஊர்த் தறிப் புடவை ஒன்று இருப்பது அவருக்கே பிடித்துப்போனது. கண்டாங்கியின் கட்டம் பெரிது, சென்சாரோடு வம்பு செய்யாது. மகளுக்குச் செங்கல் நிறம். மூத்த பேத்திக்கு அவள் அம்மாவின் பழைய மயில் கழுத்துப் புடவை. தரையின் நிறங்களில் அது இல்லை, ஆனால் பச்சைக்குப் பக்கத்து நிறம் என்பதால் விட்டுவிட்டோம். எல்லாமே கச்சிதமாகப் பொருந்தினால் கடை விளம்பரம் போல ஆகிவிடும்.

ஆண்களுக்கு விதி ஒன்றுதான்: வேட்டி எல்லோருக்கும் ஐயாவுடையதைப் போல வெள்ளை, மெல்லிய பொன் கரை, ஒரே வண்ணான் வீட்டில் ஒன்றாக வெளுத்துத் தேய்த்தது. சட்டை கோடு, கட்டம் இல்லாத வெற்று நிறம். மூத்த மகனுக்குச் சந்தனம், இளையவருக்கு இலைப்பச்சை, மாப்பிள்ளைக்குச் செங்காவி. கட்சி வேட்டிப் பேச்சு எதிர்பார்த்ததை விடச் சுலபமாக முடிந்தது. "மாப்பிள்ளையும் கட்ட மாட்டாருன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் மூத்த மகன்.

13 வயதுப் பெண் பாவாடை சட்டை போடமாட்டேன் என்று உறுதியாக இருந்தாள். அது சின்னப் பிள்ளைகள் உடுப்பாம். தாவணி என்றால் எல்லோரும் பார்ப்பார்களாம். அவள் அம்மா கட்டாயப்படுத்தத் தயாராகத்தான் இருந்தார். விட்டுவிடச் சொன்னேன். பிடிக்காத உடையில் நிற்கும் பிள்ளை தோளைக் குறுக்கிக்கொள்ளும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறும். அது துணியின் நிறத்தை விடப் பளிச்சென்று படத்தில் தெரியும். இலைப்பச்சையில் வெற்றுக் காட்டன் சுடிதார் என்று முடிவானது. 4 வயதுக் குட்டிக்கு வெல்க்ரோ வேட்டி, உள்ளே பழகிய பனியன், மேலே பட்டுக்குப் பதில் காட்டன் சட்டை. பட்டு அரிக்கிறது என்று குழந்தை அழ ஆரம்பித்தால் படம் முடிந்தது.

படம் எடுத்த நாள்

தை மாதத்து மாலை. 3 மணிக்கே உடை மாற்றச் சொல்லியிருந்தேன். ஒவ்வொருவராக வளவுக்கு வர வர, சின்னச் சின்னத் திருத்தங்கள். சட்டைப் பையில் போன், பேனா. கையில் கறுப்புப் பட்டை ஸ்மார்ட் வாட்ச். கழற்றியதும் மணிக்கட்டில் பட்டையின் தடம், அதைத் தேய்த்துவிட்டோம். கோயில் கயிறுகளைக் கழற்றச் சொல்லவில்லை, அது அவரவர் நம்பிக்கை. எல்லோரும் வெறுங்கால், வீட்டுக்குள் எடுக்கும் படத்தில் செருப்பு வந்தால் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். உட்காருபவர்களின் வேட்டியும் புடவையும் எவ்வளவு தூக்கிக்கொள்கிறது என்பதை உட்கார வைத்துத்தான் பார்க்கவேண்டும். அத்தையின் உள்பாவாடை விளிம்பு தெரிந்தது, பேத்தி குனிந்து கொசுவத்தை இறக்கிவிட்டாள்.

மகள் செங்கல் நிறப் புடவையில் வரவில்லை. தையற்காரர் ரவிக்கையை முடித்துத் தரவில்லை. அதனால் இருப்பதிலேயே நல்லது என்று ராணி கலர் பட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இந்த நிறத்தில் இரண்டு தொல்லை. கேமரா பதிவு செய்யும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். புடவையின் மடிப்பெல்லாம் காணாமல் போய் அப்பிவைத்த மாதிரி ஆகும். அதோடு பக்கத்தில் இருப்பவரின் வெள்ளையில் இளஞ்சிவப்புச் சாயல் ஏறும். கழற்றச் சொல்ல நேரமில்லை, கேட்கவும் மனமில்லை. கோயம்புத்தூரிலிருந்து காலையில் கிளம்பி வந்தவர். ஐயாவிடமிருந்தும் அத்தையிடமிருந்தும் தள்ளி, பின் வரிசையின் வலது கோடியில், தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முன்னால் மாப்பிள்ளையின் செங்காவித் தோள் கொஞ்சம் மறைக்கும்படி. வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துப் பதிவு செய்து, முகங்களைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

வலது கோடிக்கு வேறொரு காரணமும் உண்டு. முந்தானை விழுவது இடது தோளில். கேமராவிலிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் நிற்கும் பெண் நடுவை நோக்கி லேசாகத் திரும்பினால் அந்த இடது தோள் முன்னால் வரும், கரையும் முந்தானையும் முழுதாகத் தெரியும். இடப்பக்கம் நிற்பவர் நடுவுக்குத் திரும்பினால் முந்தானைத் தோள் பின்னால் போய், ரவிக்கைக் கைதான் முன்னே தெரியும். அதனால் நல்ல கரையுள்ள கண்டாங்கியும் பட்டும் வலப்பக்கம். கரும்பச்சைப் புடவைக்காரர், மூத்த பேத்தி இடப்பக்கம்.

உட்காரும் நேரத்தில்தான் பேச்சு எழுந்தது. அத்தை தூணோரம் போய் நின்றுகொண்டார். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காரியத்துக்கு எடுக்கிற படம், முன்னால் வேண்டாமே என்று மெதுவாகச் சொன்னார், சத்தமாக இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி. மருமகள்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐயா ஒன்றும் பேசவில்லை. பெஞ்சின் ஒரு முனையில் போய் உட்கார்ந்தார். அப்பத்தா நடுவில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "இங்கன வந்து உக்காரு. வெயில் எறங்குது" என்றார். அத்தை வந்து உட்கார்ந்தார். பெரியம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

குட்டியை வைத்து எடுக்கவேண்டியதை முதலில் எடுத்தோம். ஐயா மடியில் சரியாகக் கொஞ்ச நேரம் இருந்தான், அதற்குள் மூன்று வரிசையும் கண் திறந்து நேராகப் பார்த்த படம் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் வேட்டி தனியாக, பிள்ளை தனியாக.

விளைவு

பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு, கண்ணாடி எதிரொளிக்காதபடி சட்டம் போட்டுக் கொடுத்தோம். பட்டாலையில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் முதலில் தெரிவது நடுவில் மூன்று முதியவர்கள். அவர்களிலிருந்து பார்வை மேலே, பிள்ளைகள் முகங்களுக்குப் போகிறது. தேக்குத் தூண்கள் தூண்களாகவே பின்னால் நிற்கின்றன, யாரையும் விழுங்கவில்லை. அத்தை படத்தைப் பார்த்துச் சொன்னது ஒன்றே: "என் சேலைக் கரைகூடத் தெரியுதே." மெல்லிய அரக்குக் கரை அது. பக்கத்தில் அப்பத்தாவின் அரக்குப் பட்டு இருந்ததால்தான் எடுபட்டது.

ராணி கலர் முழுதாகச் சமாளிக்கப்படவில்லை. மடிப்புகள் வந்துவிட்டன, ஆனால் வலது கோடியில் அது கண்ணை இழுக்கிறது. அச்சில் அந்த நிறத்தைச் சற்று அடக்கினேன், கூடுதலாக அடக்கினால் அவர் கையின் நிறமும் சேர்ந்து மங்குகிறது. மகளுக்கு அதில் குறை தெரியவில்லை.

மறுநாள் கோயில் மண்டபத்தில் செட் புடவையில் நான்கு பெண்களையும் எடுத்தேன். கல் தூண்களின் சாம்பல் நிறத்துக்கு முன்னால் மெரூன் நன்றாகவே எடுபட்டது. வளவில் முங்கிப்போகும் அதே புடவை, அங்கே நிமிர்ந்து நின்றது. இளைய மருமகளுக்கு இன்றுவரை அந்தப் படம்தான் பிடிக்கும். வாட்ஸ்அப் முகப்பிலும் அதைத்தான் வைத்திருக்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. போன் திரையில் கட்டைவிரல் அளவில் பார்க்கும்போது ஒரே நிறம் ஒரு பார்வையில் குடும்பம் என்று சொல்லிவிடுகிறது. 14 நிறங்கள் அங்கே கசகசவென்றுதான் தெரியும். சுவருக்கு வேண்டியது வேறு. அங்கே ஆள் ஆளாக நின்று பார்ப்பார்கள், இது யார், அது யார் என்று கேட்பார்கள்.

இனி மாற்றிக்கொள்வது

குடும்பத்தோடு முதல் பேச்சிலேயே, எந்த நிறம் என்ற கேள்விக்கு முன்னால், உடை மாற்ற முடியாதவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது. வெள்ளை கட்டுபவர், சபரிமலைக்கு மாலை போட்டவர், உடம்பு முடியாமல் நைட்டியோ லுங்கியோ தவிர வேறு உடுத்த இயலாதவர் என்று எந்த வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவரைச் சுற்றி மற்றவர்கள் உடுத்துவது எளிது. மற்றவர்களுக்கு ஏற்ப அவரை மாற்றுவது நடக்காது, நடந்தாலும் முகத்தில் தெரியும்.

யார் எங்கே உட்காருவது என்பதையும் உடைப் பேச்சோடு சேர்த்து, வீட்டு முதியவர்களிடம் தனியாக முன்னதாகவே பேசி முடிக்கவேண்டும். படம் எடுக்கும் இடத்தில், விருந்தாளிகள் முன்னால் அது விவாதமாவது யாருக்கும் நல்லதல்ல. இந்த வீட்டில் அப்பத்தா ஒருவர் இருந்தார். எல்லா வீட்டிலும் அப்படி அமையாது.

நிறத்தை வாட்ஸ்அப் படத்தில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய படத்தில் கண்டாங்கி எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தது, நேரில் கடுகு. அனுப்பும்போது படம் சுருங்கும், ஒவ்வொரு திரையும் நிறத்தை ஒவ்வொரு மாதிரி காட்டும். வெளியூர்க்காரர்கள் என்றால், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லலாம். வெறும் வெள்ளைத் தாள் ஒன்று இருந்தால்கூடப் போதும். உள்ளூரில் இருப்பவர்கள் துணிகளை எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் திண்ணையில் ஒன்றாக விரித்துப் பார்க்கவேண்டும்.

ரவிக்கை ஒரு வாரம் முன்னதாகவே கைக்கு வந்து, ஒரு முறை போட்டுப் பார்த்தாகியிருக்கவேண்டும்; கல்யாண மாதங்களில் தையற்காரர் சொன்ன நாளில் கொடுப்பார் என்று யாரும் நம்புவதில்லை, படத்துக்கு மட்டும் ஏனோ நம்புகிறார்கள். அதற்கு மேலும் ஒரு காப்பாக, வீட்டில் இருப்பதிலேயே சந்தனமோ வெளிர்ப் பச்சையோ ஒரு புடவை, எல்லா அளவுக்கும் பொருந்துகிற ரெடிமேட் ரவிக்கை ஒன்று, ஒரு வெற்றுச் சட்டை, ஒரு டப்பா ஊக்கு, எல்லாம் தேய்த்து மடித்து ஒரு பையில் தயாராக வைக்கச் சொல்கிறேன்.